பேரம் பேசும் நேரம் பத்து முதல் பன்னிரண்டு

2006 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் உள்ள பிரௌசிங் சென்டரில் இருந்தவர்கள் விவரம்:

முதல் கம்ப்யூட்டரில் நான், சத்யா. எனக்கு வலப்பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் பக்கத்து வீட்டுக் கலியம்மாக்கா. கதவுக்கு உட்புறம் தரையில், மடியில் பாதி பின்னிய ஒயர் கூடையோடு பச்சையம்மாள். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால் யாரும் இல்லை. அது நான்கு நாளாக வேலை செய்யவில்லை. மூன்றிலும் நான்கிலும் பாலிடெக்னிக் மாணவர்கள் இருவர், பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஐந்தாவதில், முந்திரிக்கொட்டை ரேட்டு பார்க்க வேண்டும் என்று சொல்லி ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த என் தாய்மாமன் அய்யாக்கண்ணு. வாசலோரம் மேசையில் சென்டரின் சொந்தக்காரர் அறிவுச்செல்வன்.

இணையத்தில் எங்கள் ஏலம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ஏலத்தில் இருந்தது பச்சையம்மாள் பின்னிய நெல்லிக்காய் முடிச்சுக் கூடை. பச்சையும் வெள்ளையும். ஆரம்ப விலை எண்பது ரூபாய்.

"இப்ப எவ்வளவுல நிக்கிது?" என்றார் கலியம்மாக்கா.

"நூத்தி எழுபது. புனேக்காரங்க கேட்டுருக்காங்க."

"நம்ம முந்திரி என்ன பண்றாரு? தூங்கிட்டாரா?"

முந்திரி1955 என்ற பெயரில் ஒருவர் எங்கள் கூடைகளைத் தொடர்ந்து ஏலம் கேட்டுவந்தார். முகம் தெரியாத மனிதர். கலியம்மாக்காவுக்கு அவர்மீது தனிப் பிரியம். தடுப்புக்குப் பின்னால் மாமா தொண்டையைச் செருமினார். நான் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

"முந்திரி நூத்தி தொண்ணூறு!"

"அப்படிப் போடுங்கறேன்!" கலியம்மாக்கா தொடையில் அடித்துக்கொண்டார். "ஆம்பளன்னா அவருதான்."

புனே இருநூற்றுப் பத்து. முந்திரி இருநூற்று முப்பது. புனே இருநூற்று அறுபது. பாலிடெக்னிக் மாணவர்கள் பரீட்சை முடிவை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். பச்சையம்மாள் மட்டும் தலை தூக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு ஏலம் முடிந்தது. கூடை இருநூற்று அறுபதுக்குப் புனேவுக்குப் போனது.

மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "என்ன ஆயி, கூடை நல்ல வெலைக்குப் போச்சா?"

"இருநூத்தி அறுபது மாமா."

"ம், பரவால்ல," என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அன்று எல்லோருக்கும் டீயும் பருப்பு வடையும் அவர் செலவு. மாணவர்களுக்கும் சேர்த்து.

இந்த ஏலத் தளத்துக்கு நாங்கள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கூடையைப் படமெடுத்து, ஆரம்ப விலை போட்டு வைத்தால் ஒரு வாரம் அது அங்கே இருக்கும். யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு. பின்னுவது எட்டுப் பெண்கள். படம் எடுப்பது அறிவுச்செல்வன். எழுதுவது, கட்டுவது, தபாலில் சேர்ப்பது என் வேலை. ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரு கடிதம் வைப்பேன்: பின்னியவர் பெயர், என்ன முடிச்சு, எப்படிக் கழுவ வேண்டும், வெயிலில் போட்டு வைக்கக்கூடாது, வாங்கியதற்கு நன்றி. எல்லாக் கடிதத்துக்கும் கார்பன் பிரதி உண்டு.

பச்சையம்மாள் எங்களிடம் வருவதற்கு முன்னால் முந்திரி உடைக்கும் கொட்டகையில் இருந்தவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்து போயிருந்தன; தன் குழந்தையின் கன்னத்தைத் தொடக்கூட யோசிப்பாள். ஒன்றரை வருடத்தில் அந்த விரல்கள் ஆறிவிட்டன. அவற்றில் இப்போது பழைய கறை மட்டும் இருந்தது. அந்த வருடம் நவராத்திரிக்காக அறுபது சின்னக் கூடைகளை எட்டுப் பேரும் பின்னிக்கொண்டிருந்தார்கள். கொலு வீடுகளில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுப்பதற்கு. செப்டம்பர் நடுவுக்குள் அவை விற்றாக வேண்டும். விற்காவிட்டால் மற்றவர்களுக்கு வேறு வழி இருந்தது, பச்சையம்மாளுக்குக் கொட்டகைதான்.

திங்கட்கிழமை காலையில் ஏலத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. என் கணக்கு அறுபது நாளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விற்பவரும் ஏலம் கேட்பவரும் ஒரே இணைப்பிலிருந்து வந்திருக்கிறார்கள். இது விலையைச் செயற்கையாக ஏற்றும் முறைகேடு.

அறிவுச்செல்வன் இரண்டு முறை படித்தார். "அக்கா, நம்ம சென்டர்லேருந்தே யாரோ ஒங்க கூடைய ஏலம் கேட்டுருக்காங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம். யார் யாரு இருந்தா?"

மேலே எழுதிய பட்டியலை அப்போதுதான் முதலில் எழுதினேன். ஏலம் கேட்டது அறிவுச்செல்வன் இல்லை. நான் இல்லை. மாணவர்கள் எங்கள் பின்னால் நின்றார்கள். கலியம்மாக்காவுக்கு மவுஸ் என்றாலே பயம்.

"மிச்சம் ஒருத்தர்தான்," என்றார் அறிவுச்செல்வன்.

"அய்யாக்கண்ணு அண்ணனா? அவரு முந்திரி ரேட்டுதான பாத்தாரு?" என்றார் கலியம்மாக்கா.

பச்சையம்மாள் கூடையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "பேரே முந்திரின்னுதான வச்சிருக்காரு."

பகல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனேன். மாமா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கூடைகள்தான். உத்தரத்தில் ஒன்று, அதில் எலுமிச்சம்பழம். அலமாரிமேல் ஒன்று, அதில் டார்ச் லைட்டும் மாத்திரைகளும். அடுப்படிப் பக்கம் ஒன்றில் வைக்கோல் போட்டு அடைக்கோழி உட்கார்ந்திருந்தது. மொத்தம் ஏழு.

"வாடி சத்யா," என்றார் பொன்னுத்தாய் அத்தை. "பாரு ஒங்க மாமன் கூத்த. மாசத்துக்கு ஒரு கூடை. கேட்டா விருத்தாசலத்துல சம்பந்தி கண்ணையன் குடுத்து வுட்டாருங்கறாரு. அந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லையா, எனக்குக் கூடையா வாங்கி அனுப்புறாரு?"

விருத்தாசலம் கண்ணையன். முந்திரி1955 கொடுத்த அந்த முகவரிக்கு ஏழு பார்சல் நான்தான் கட்டினேன்; அது மாமாவின் சம்பந்தி என்று தோன்றவே இல்லை. ஏழு கடிதமும் நான்தான் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் மீண்டும் மீண்டும் எங்கள் கூடைகளை விரும்பி வாங்குவது எங்களுக்கு மிகுந்த ஊக்கத்தைத் தருகிறது.'

மாமா தோப்பிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். பிறகு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து, உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் என் ஏழு கடிதங்களும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"நல்லா எழுதுற ஆயி," என்றார். "மதிப்பிற்குரிய ஐயான்னு என்ன ஒருத்தரும் எழுதுனதில்ல."

"மாமா, எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"எதுக்கா? நம்ம மாரியாத்தா கோயில்ல தீமிதி முடிஞ்சு சாமிக்குச் சாத்துன சேலைய ஏலம் வுடறாங்க. அது ஒங்கம்மா எடுத்துக் குடுத்த சேலை. ஒருத்தன் அம்பதுன்னு கேட்டுட்டு ஒக்காந்துட்டான். பொறந்தவன் நான் அங்க நிக்கிறேன். வாய மூடிக்கிட்டு இருந்தா ஊரு என்ன கேக்கும்? ஐநூறு வரைக்கும் ஏத்துனேனா இல்லையா?"

"ஏத்துனீங்க. அது கோயிலு மாமா."

"ஏலம்னா ஏலந்தான். நம்ம புள்ள சாமான் எண்பது ரூவாயில நாலு நாளு கேப்பாரத்து நிக்கிது. நான் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அத்தையும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். "தாய்மாமன் ஏத்தாம தெருவுல போறவனா ஏத்துவான்?" என்றார். கோழி மட்டும் யார் பக்கமும் சாயாமல் என்னை முறைத்தது.

நான் ஒன்று மட்டும் சொன்னேன். "கோயில்ல நீங்க ஏத்துனா காசு சாமிக்குப் போச்சு மாமா. இங்க நீங்க ஏத்துனதால புனேயில ஒரு பொண்ணு கூடுதலாக் குடுத்துருக்கு."

மாமா தோள்துண்டை எடுத்து உதறினார். "அந்தப் பொண்ணுக்கும் ஒரு மாமன் இருப்பான்ல?" என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார். பிறகு, "அப்ப அது காச நான் புடுங்கிட்டேனா?" என்றார்.

"நீங்க மட்டும் இல்ல. நானும்."

"எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு. நான் குடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து பழைய ஏலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாமா ஏற்றிவிட்டு, வேறு ஒருவர் அதற்கும் மேலே போய் வாங்கியது நான்கு முறை. நான்கு பேர். நான்கு பேருக்கும் கடிதம் எழுதினேன். என்ன நடந்தது, யார் செய்தது, அவர் எனக்கு என்ன உறவு, எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஏலம் எப்படி நடக்கும், ஆனாலும் இது ஏன் தவறு என்று ஒன்றன்பின் ஒன்றாக. மாமா கொடுத்த பணத்தை மணியார்டரில் அனுப்பினேன். நன்றி சொல்லி நூறு கடிதம் எழுதிய எனக்கு, மன்னிப்புக் கேட்டு எழுதிய அந்த நான்குக்கு இரண்டு நாள் பிடித்தது.

கணக்கைத் திரும்பத் திறக்கவும் ஏலத் தளத்தின் மின்னஞ்சலில் வழி சொல்லியிருந்தார்கள். உறவினர் யாரும் இனி ஏலத்தில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி, அடையாளச் சான்றின் நகலோடு, தபாலில், செப்டம்பர் பதினெட்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அறுபது நாள் முடிந்த பிறகுதான் கணக்கு திறக்கும். திறந்து, ஏலம் ஒரு வாரம் ஓடி, பார்சல் போவதற்குள் நவராத்திரி தொடங்கிவிடும். அறுபது கூடையும் என் வீட்டு நடையில் அடுக்கியிருந்தன.

"அது வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" என்றார் அறிவுச்செல்வன். "நாமளே தனியா ஒரு கடை போட்டுடலாம்க்கா. நம்ம பேரு, நம்ம பக்கம். படமெல்லாம் ஏங்கிட்டதான இருக்கு. ஆர்டர் மெயில்ல வரும், நீங்க வி.பி.பி.ல அனுப்புங்க. போஸ்ட்மேன் காச வாங்கிட்டுக் கூடையக் குடுக்கட்டும்."

எட்டுப் பேரும் என் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். பக்கத்துக்கு என்ன பெயர் என்பது ஒரு நிமிடத்தில் முடிந்தது: அரியலூர் கூடை. அடுத்த கேள்வியில்தான் எல்லோரும் திகைத்துப்போனோம்.

"வெலை என்னன்னு போடறது?" என்றார் அறிவுச்செல்வன்.

"ஏன், கேக்கறவங்க சொல்லுவாங்க," என்றார் கலியம்மாக்கா.

"ஏலம் இல்லீங்க இது. கடை. நாமதான் சொல்லணும்."

"நாமளேவா?"

ஒன்றரை வருடமாக எங்கள் கூடைக்கு விலை சொன்னவர்கள் ஊர் பேர் தெரியாதவர்கள். எண்பதில் ஆரம்பித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். அவர்கள் நூறு என்றால் நூறு, இருநூறு என்றால் இருநூறு. இப்போது எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுபது என்றாள். இன்னொருத்தி ஒயர் காசு வந்தால் போதும் என்றாள்.

"பச்சையம்மா, நீ சொல்லு," என்றேன்.

"நூத்தி இருவது," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"யம்மாடி!" என்றார் கலியம்மாக்கா. "இந்தச் சின்னக் கூடை நூத்தி இருவதா? ஏன்டி, நீ கடைக்குப் போனா இந்த வெலை குடுத்து வாங்குவியா?"

"மாட்டேன். எம்பதுக்கு மேல தரமாட்டேன்."

"அப்பறம்?"

"வாங்கறப்ப அது வேற யாரோ பின்னுனது அக்கா. இது நான் பின்னுனது."

கலியம்மாக்கா முதலில் சிரிக்க ஆரம்பித்தார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். பச்சையம்மாளும். ஒயருக்கு எவ்வளவு, இரண்டு நாள் வேலைக்கு எவ்வளவு, தபாலுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு வந்தது. நூற்றிருபது என்றே வைத்தோம்.

அத்தோடு முடிந்தது என்று எழுந்தேன். கலியம்மாக்கா எழவில்லை.

"வெலைய எழுதி ஒட்டிட்டுக் கம்முனு இருந்தா அது ரேஷன் கடை," என்றார். "ஒரு பொம்பள பேரம் பேசாம கூடை வாங்குவாளா? எனக்கே மனசு வராது. ஏலத்துலயாவது முந்திரி, புனேன்னு ஒரு சத்தம் இருந்துச்சு. இதுல என்னா இருக்கு?"

"நெட்டுல பேரமெல்லாம் பேச முடியாதுக்கா," என்றார் அறிவுச்செல்வன்.

"ஏன் முடியாது? சத்யா வூட்டுல போன் இருக்குல்ல?"

நான் அந்த போனைப் பார்த்தேன். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் பிரேம்குமாருக்கு ஆலையிலிருந்து அழைப்பு வரும் போன். அவர் பகல் ஷிப்ட்டில் இருக்கும்போது அது சும்மாதான் கிடந்தது. இப்படித்தான் எங்கள் கடையின் முகப்பில், விலைப் பட்டியலுக்குக் கீழே, அந்த வரி வந்தது: 'பேரம் பேசும் நேரம்: காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. பேசுபவர்: கலியம்மாள்.' பக்கத்தில் தொலைபேசி எண். கூடைக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டோம்.

"ஒலகத்துல எந்த வெப்சைட்லயும் இப்படி ஒரு வரி இல்லக்கா," என்று அறிவுச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நம்மளுதுல இருக்கட்டும்," என்றார் கலியம்மாக்கா.

ஆகஸ்ட் 16, புதன்கிழமை கடை திறந்தது. நான்கு பேருக்கும் நான் எழுதிய கடிதத்தின் தொடர்ச்சியாக ஒரு கார்டு போட்டேன்: இனி எங்கள் கூடைக்கு ஏலம் இல்லை, இதுதான் முகவரி. மற்ற பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதவில்லை. அவர்களை ஏலத் தளம்தான் எங்களுக்குக் காட்டியது; அதன் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது சரியாகப் படவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கும், சென்னை ஹைதராபாத் என்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொன்னோம். பக்கத்தின் அடியில் வந்தவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பெட்டி இருந்தது. முதல் நாள் பதினொன்று. பிறகு நாற்பது. பத்தாம் நாள் இருநூற்றைத் தாண்டியது. ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

ஜெயங்கொண்டம் பிரௌசிங் சென்டரிலிருந்து மாமா போன் செய்தார். "ஆயி, இன்னிக்கி முப்பது பேரு வந்துருக்காங்க!"

"நீங்க எத்தன தடவ பாத்தீங்க மாமா?"

"ஒரு இருவத்தெட்டு இருக்கும்," என்றார்.

கலியம்மாக்கா தினமும் பத்து மணிக்குத் தலை சீவி, பூ வைத்து, போனுக்கு எதிரே நாற்காலியில் வந்து உட்காருவார். பன்னிரண்டுக்கு எழுந்து போவார். போகும்போது, "இன்னிக்கி லைன்ல ஏதோ கோளாறு," என்பார். நடையில் கூடைகள் கூரையைத் தொடும் அளவு ஏறியிருந்தன. பிரேம்குமார் பக்கவாட்டில் திரும்பித்தான் வீட்டுக்குள் வருவார். ஒருநாள், "கூடைக்குள்ள வூடு இருக்கா, வூட்டுக்குள்ள கூடை இருக்கா?" என்றார்.

ஆகஸ்ட் 30 மாலை பச்சையம்மாள் வந்தாள். "கொட்டகையில ஆளு கூப்புடறாங்க," என்றாள். "திங்கக்கெழமலேருந்து வரேன்னு சொல்லிட்டேன்." விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். இரு என்று சொல்ல என்னிடம் ஒரு ஆர்டரும் இல்லை.

மறுநாள் வியாழன். பத்து மணி பத்து நிமிடத்துக்கு போன் அடித்தது. கலியம்மாக்கா முதலில் என்னைப் பார்த்தார். இரண்டாவது மணிக்கு முந்தானையைச் சரிசெய்தார். மூன்றாவதுக்கு எடுத்தார்.

"அலோ! கலியம்மாதான் பேசறேன். யாரு? ... எந்த சுவாதி? ... புனேயா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "ஏலத்துல கேட்ட அந்தப் புனே!" என்று கத்தினார். பொத்தியது எதற்கும் உதவியிருக்காது.

அந்தப் பெண் தஞ்சாவூர்க்காரர். கல்யாணமாகிப் புனே போய்ப் பதினான்கு வருடம். என் கடிதமும் மணியார்டரும் போய்ச் சேர்ந்திருந்தன. வாங்கிய சாமானுக்குக் காசு திரும்பி வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் முறை என்று சொன்னாராம். கடிதத்தை அவர்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வாங்கிப் படித்து, மாமா கதையில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அடுத்துத்தான் பேரம் ஆரம்பித்தது.

"இருவத்தஞ்சு கூடையா! ... என்னது, தொண்ணூறா? ஏம்மா, ஒயரு நீ வாங்கித் தரியா? ... தஞ்சாவூர் மார்க்கெட்டுல எண்பதா? அது சாதா முடிச்சு தாயி. ரெண்டு மாசத்துல அடி தொங்கிடும். இது நெல்லிக்காய் முடிச்சு. ஒரு கொடம் தண்ணிய வச்சுத் தூக்கிப் பாரு. ... சரி, ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நூத்திப் பதினெட்டு. ... நீ என்ன, ஒங்கம்மாகிட்டயே கத்துக்கிட்டியா பேரம் பேச? ... அட, அவங்களும் இப்படித்தானா! ... எத்தன புள்ளைங்க? ... பொண்ணுக்குத் தமிழு பேச வருதா? ... குடு, குடு, பேசறேன்."

நானும், சத்தம் கேட்டு ஓடிவந்த பச்சையம்மாளும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். இருபத்தைந்து நிமிடம். புனேயிலிருந்து எஸ்.டி.டி. அந்தப் பெண் பேரத்தில் மிச்சம் பிடித்ததைவிட போனுக்குக் கொடுத்தது அதிகமாக இருக்கும். கடைசியில் நூற்றுப் பதினைந்தும், கொசுறாக ஒரு கூடையும் என்று முடிந்தது. கலியம்மாக்கா போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தஞ்சாவூர்க்காரி. லேசுல வுட மாட்டேங்கறா," என்றார். அவரை நான் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. பிறகு திரும்பி, "ஏ பச்ச, அது கூடைய நீதான் பின்னுனியாம். அடுத்த தடவ ஓங்கிட்டயும் பேசணுமாம்," என்றார்.

பச்சையம்மாள் நடைக்குப் போய், அடுக்கிலிருந்து இருபத்தாறு கூடைகளை எண்ணி இறக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை அதே குடியிருப்பிலிருந்து இன்னொரு அம்மாள். சனிக்கிழமை பெங்களூர், கடிதம் போன நான்கு பேரில் இன்னொருவர், தன் அக்காவையும் சேர்த்துக்கொண்டு. அடுத்த வாரம் சென்னை, ஹைதராபாத். சிலர் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார்கள். ஒருவர் பேரமே பேசாமல் மின்னஞ்சலில் ஆறு கூடைக்கு முழு விலையில் ஆர்டர் அனுப்பினார். "பேசாம வாங்குறாரே, நல்ல மனுசனா அவரு?" என்று கலியம்மாக்கா இரண்டு நாள் சந்தேகப்பட்டார்.

திங்கட்கிழமை பச்சையம்மாள் கொட்டகைக்குப் போகவில்லை. வர முடியாது என்று அவளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு, காலை பதினொரு மணிக்கெல்லாம் என் வீட்டில் புது ஒயர் அறுத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் பன்னிரண்டுக்குள் அறுபது கூடையும் போய்விட்டன. இன்னும் பதினெட்டுக்கு ஆர்டர் இருந்தது. தபால் ஆபீஸில் பார்சல் வாங்கும் சார் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கி எத்தன?" என்றுதான் கேட்பார். பிரேம்குமார் நேராக நடந்து வீட்டுக்குள் வந்தார்.

செப்டம்பர் 13 அன்று உறுதிமொழியை அனுப்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். மாமா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா.

"எங்க கையெழுத்துப் போடணும் ஆயி? இனிமே ஏலம் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு எழுது. நான் போடறேன்."

அறிவுச்செல்வன் படிவத்தை எடுத்து வைத்தார். "போட்டு அனுப்பிடலாம்க்கா. ரெண்டும் இருக்கட்டுமே. அங்க ஆயிரக்கணக்குல ஆளு பாக்குது. நம்ம கடையில இன்னிக்கித் தேதிக்கு வந்தது ஆயிரத்தி நூறு. அதுலயும் பாதி ஐயாதான்."

"பாதிக்கு மேல," என்றார் மாமா, பெருமையாக.

அவர் சொன்னது நியாயம்தான். நவராத்திரி முடிந்துவிடும். தீபாவளி வரும், போகும். அதற்குப் பிறகு போன் அடிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஏலத் தளத்தில் யாராவது ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பேனாவை எடுத்தேன். எட்டுப் பேரில் ஆறு பேர் அப்போது என் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"அங்க திரும்பிப் போனா," என்றாள் பச்சையம்மாள், "வெலைய மறுபடியும் அவங்கதான் சொல்லுவாங்களா?"

"ஆமா."

"எண்பதுல ஆரம்பிச்சு?"

"ஆமா."

அவள் கையிலிருந்த ஒயரை இழுத்து முடிச்சை இறுக்கினாள். "அப்ப எனக்கு வேணாம். போன் வரலன்னா வரல. நூத்தி இருவதுன்னு சொன்னேன், அதுக்கு ஆளு வந்துச்சு."

கலியம்மாக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நூத்திப் பதினஞ்சுக்குத்தான்டி வந்துச்சு," என்றார்.

"அது ஒங்க வாயி. ஏங்கூடை நூத்தி இருவதுதான்."

படிவத்தை மடித்து ஓரமாக வைத்தேன். வெள்ளைத்தாள் எடுத்தேன், கார்பன் வைத்தேன். மூன்று பத்திதான் எழுதினேன். முதலாவது: ஏலத்தில் விலையை ஏற்றியவர் என் தாய்மாமன், தவறு எங்களுடையது, கூடுதலாக வாங்கிய தொகையை உரியவர்களுக்குத் திருப்பிவிட்டோம், மணியார்டர் ரசீதுகளின் நகல் இத்துடன் உள்ளது. இரண்டாவது: ஒன்றரை வருடம் எங்கள் கூடைகளை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டியதற்கு எட்டுப் பேரின் சார்பில் நன்றி. மூன்றாவது: கணக்கைத் திறக்க வேண்டாம், மூடிவிடவும்.

"ஏங்கையெழுத்து?" என்றார் மாமா.

"வேணாம் மாமா. உறுதிமொழி இல்ல இது."

"வந்ததுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்தாவது போடறனே?"

போட்டார். அடியில், பெரிய எழுத்தில், ஊர்ப் பெயரோடு.

தபால் ஆபீஸுக்கு நான், மாமா, பச்சையம்மாள் மூவரும் நடந்தே போனோம். கலியம்மாக்கா வரவில்லை, மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. கவுண்டர் ஓரத்தில் இருந்த பசை டப்பாவில் குச்சியை விட்டு உறையின் மடிப்பில் தடவினேன். மாமா இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தார். பார்சல் சார் எடை போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத்தபால் சீட்டைப் பதித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். "இன்னிக்கிக் கூடை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உறையைப் பின்னால் இருந்த பையில் போட்டார்.